ஊர் என்றால் யார்? உள்ளாட்சியில் சேரிக்கும் முகாமுக்குமான இடம்

ஜெய் பீம்.

மேலவளவு முருகேசனையும் அவரோடு கொல்லப்பட்ட தோழர்களையும் நினைவுகூரும் உரை இது. இந்த ஆண்டு உரைக்கு அகதிகளையும் உள்ளாட்சியையும் பொருளாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். மேலவளவுக்கும் அகதிகளுக்கும் என்ன தொடர்பு என்று இளைய தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு கிராமத்தில் 'ஊர்' என்று யாரைச் சொல்கிறோம், அந்த ஊரின் காரியங்களை முடிவுசெய்ய யாருக்கு உரிமை உண்டு என்ற கேள்விக்காகத்தான் முருகேசன் உயிரைக் கொடுத்தார். அதே கேள்வி இன்று முகாம்களின் வாசலிலும் நிற்கிறது.

முதலில் மேலவளவு. 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் இயற்றப்பட்டது. அதன்படி 1996இல் நடந்த முதல் தேர்தலில் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. மனுத்தாக்கல் செய்தவர்கள் மிரட்டப்பட்டார்கள். வாக்குச்சாவடி தாக்கப்பட்டது. தேர்தல் தள்ளிப்போய், கடைசியில் போலீஸ் காவலோடு நடந்து முருகேசன் வென்றார். வென்ற பிறகும் அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்க்க அவரை விடவில்லை. 1997 ஜூன் 30 அன்று, மதுரையில் கலெக்டர் அலுவலகத்துக்குப் போய்விட்டுப் பேருந்தில் திரும்பியவரை வழிமறித்துக் கொன்றார்கள்.

ஓர் ஊராட்சித் தலைவருக்கு அப்படி என்ன அதிகாரம்? தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், சாலை, சுடுகாட்டுப் பாதை. அவ்வளவுதான். ஆனால் எந்தத் தெருவுக்கு முதலில் விளக்கு என்று சொல்லும் வாய் சேரியிலிருந்து வரக்கூடாது என்பதில் ஆதிக்கச் சாதி தெளிவாக இருந்தது. பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் பத்தாண்டுகள் முறையான தலைவர் இல்லை. ஒன்று, யாரும் மனுத்தாக்கல் செய்ய முடியாது. அல்லது ஊரே ஓர் ஆளை நிறுத்தி, வென்றதும் பதவி விலக வைக்கும். 2006இல்தான் அங்கே தேர்தல் உருப்படியாக நடந்தது.

அதற்குப் பிறகும் என்ன நிலைமை? ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். தலைவர் தலித்தாக இருந்தால் துணைத்தலைவரின் பேனா திறக்காது. 2020இல் கடலூர் மாவட்டத்தில் ஒரு தலித் பெண் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்காரவைத்த படம் வெளியானபோது நாடே பார்த்தது. இட ஒதுக்கீடு நாற்காலியைக் கொடுத்தது. அதில் உட்காரும் உரிமைக்கு நாம் தனியாகப் போராட வேண்டியிருந்தது.

இவ்வளவு கசப்புக்குப் பிறகும் ஓர் உண்மை மாறவில்லை. வாக்காளர் பட்டியலில் நம் பெயர் இருந்ததால்தான் இந்தப் போராட்டமே சாத்தியமானது. மனுத்தாக்கலைத் தடுத்தால் நீதிமன்றம் போகலாம். தேர்தலை நிறுத்தினால் அரசைக் கேட்கலாம். அந்தப் பட்டியலிலேயே பெயர் இல்லாதவர்கள் எதைக் கொண்டு கேட்பார்கள்?

இப்போது முகாமுக்கு வருவோம். 1983 ஜூலைப் படுகொலைக்குப் பிறகு இலங்கையிலிருந்து தமிழர்கள் படகேறி வந்தார்கள். போர் மூண்ட ஒவ்வொரு முறையும் அலை அலையாக வந்தார்கள். 2021இல் அரசு சட்டமன்றத்தில் வைத்த கணக்கின்படி 58,822 பேர் முகாம்களிலும், 34,087 பேர் காவல் நிலையப் பதிவோடு வெளியிலும் இருந்தார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் 317 கோடியே 40 லட்சம் ரூபாய்க்கு நலத்திட்டங்கள் அறிவிக்கப்பட்டன. 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித்தருவதும் அதில் அடக்கம். 'அகதிகள் முகாம்' என்ற பெயர் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாறியது. பத்துக்குப் பத்து அறையில் மூன்று தலைமுறை படுத்த இடத்தில் ஒரு வீடு எழும்புவதை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அதை வரவேற்கிறோம்.

ஆனால் அந்த வீடு எந்த ஊராட்சியில் இருக்கிறதோ, அந்த ஊராட்சியில் அந்த வீட்டாருக்கு இடம் இல்லை. அரசியல் சட்டத்தின் 243ஆவது பிரிவு கிராம சபை என்றால் என்ன என்று சொல்கிறது. ஊராட்சிப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்களைக் கொண்ட அமைப்பு அது. ஊராட்சித் தேர்தலுக்கும் சட்டமன்ற வாக்காளர் பட்டியலே அடிப்படை. குடிமக்கள் அல்லாதவர்கள் அதில் சேர முடியாது. ஆகவே குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி பிறந்தநாள் என்று கிராம சபை கூடும் எந்த நாளிலும் முகாம்வாசி அதன் உறுப்பினர் அல்ல. முகாமுக்கு வரும் தண்ணீர்க் குழாய் உடைந்தால் அவர் வருவாய்த்துறை அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம். 'எங்கள் வார்டு உறுப்பினரே' என்று உரிமையோடு கூப்பிட அவருக்கு ஆள் கிடையாது.

முகாமில் இருப்பவர்கள் யார் என்றும் பார்க்க வேண்டும். இலங்கைத் தமிழர் என்றதும் யாழ்ப்பாணம் மட்டும் நினைவுக்கு வருகிறது. முகாம்களில் கணிசமானவர்கள் மலையகத்தில் வேர்கொண்டவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தேயிலைக்கும் காப்பிக்கும் கூலிகளாக இங்கிருந்து கொண்டுபோகப்பட்டவர்களின் வாரிசுகள். அப்படிப் போனவர்களில் பெரும்பகுதி பறையர், பள்ளர், சக்கிலியர். பஞ்சத்துக்கும் பண்ணைக்கும் தப்பிக் கடல் தாண்டிய நம் மூதாதையர்கள். இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பும்போது தடுத்து வைத்துச் சோதிக்கக் காலனி ஆட்சியில் மண்டபத்தில் ஒரு முகாம் இருந்தது. பின்னாளில் அகதிகள் வந்து இறங்கியதும் அதே மண்டபம் முகாமில்தான்.

1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைச் சரக்குபோலப் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். எந்த நாட்டில் வாழ விருப்பம் என்று அந்த மக்களைக் கேட்டு எழுதிய ஒப்பந்தமல்ல அது.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். அண்ணன் அந்த ஒப்பந்தப்படி கடவுச்சீட்டு வாங்கிக் கப்பலில் வந்தார். நீலகிரியில் 1968இல் தாயகம் திரும்பியோருக்காகத் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. கூலி குறைவு, சாதிச் சான்றிதழுக்கு அலைச்சல், வீட்டுமனைக்குப் பட்டா இல்லை. ஆனாலும் அவர் வாக்காளர். அவர் மகள் வார்டு உறுப்பினராக நிற்கலாம். தம்பி தோட்டத்தில் கலவரத்துக்கு அஞ்சி வவுனியாவுக்குப் போய், அங்கே போருக்கு அஞ்சிப் படகில் வந்தார். அவர் அகதி. அவர் மகள் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே பெயிண்ட் அடிக்கப் போகும் ஒருவரைக் கட்டிக்கொண்டு வாழ்ந்தாலும் அந்நியர். இரண்டு பிள்ளைகளுக்கும் தாத்தாவின் ஊர் ஒன்றுதான். அண்ணன் தாளோடு வந்தார், தம்பி தாள் இல்லாமல் வந்தார் என்பது மட்டுமே வித்தியாசம்.

பிறப்பால் வரும் குடியுரிமையும் படிப்படியாக மூடப்பட்டது. 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பிறகு பிறந்தால் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் இன்னொருவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கவும் கூடாது. 1986இல் இங்கே முகாமில் பிறந்த ஒரு பெண், நீதிமன்றத்தில் வழக்காடி 2024 மக்களவைத் தேர்தலில் முதன்முறையாக வாக்களித்தார். சட்டம் அவருக்குப் பிறந்த அன்றே கொடுத்ததை வாங்க அத்தனை ஆண்டுகள் ஆயின. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டமோ ஆப்கானிஸ்தான், வங்கதேசம், பாகிஸ்தான் மூன்றை மட்டுமே சொன்னது. அதில் இலங்கை இல்லை, முஸ்லிம்களும் இல்லை.

'வேறு நாட்டவருக்கு உள்ளாட்சியில் இடமா, எங்கே நடக்கிறது இப்படி?' என்று கேட்பார்கள். அயர்லாந்தில் நடக்கிறது. அங்கே உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கவும் போட்டியிடவும் அந்நாட்டுக் குடியுரிமை தேவையில்லை. அந்த ஊரில் வசித்தால் போதும். புகலிடம் கேட்டு முடிவுக்காகக் காத்திருப்பவருக்கும் இது பொருந்தும். நைஜீரியாவிலிருந்து 2000இல் புகலிடம் கேட்டு வந்தவர் ரொட்டிமி அடெபாரி. 2004இல் போர்ட்லீஷ் நகர மன்றத்துக்குச் சுயேச்சையாக வென்றார். 2007இல் அந்த நகரின் மேயரானார். அயர்லாந்தின் முதல் கறுப்பின மேயர் அவர்தான்.

இதைச் சொர்க்கக் கதையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் வென்ற அதே தேர்தல் நாளில், 2004 ஜூன் 11 அன்று, பிறப்பால் தானாக வரும் குடியுரிமையை நீக்கும் பொதுவாக்கெடுப்பும் நடந்தது. பெரும்பான்மை அதை ஆதரித்தது. நாடு கதவைச் சாத்திய அன்றே ஊர் ஒரு நாற்காலியைக் கொடுத்தது. நாட்டின் குடியுரிமை வேறு, ஊரின் பொறுப்பில் பங்கு வேறு என்று சட்டம் பிரித்து வைத்திருந்ததால் அது முடிந்தது. குப்பை அள்ளுவதும் குழாய் போடுவதும் அங்கே வாழ்கிறவர் காரியம். அதற்குக் கடவுச்சீட்டு எதற்கு?

நம் அவையில் எழக்கூடிய இரண்டு ஐயங்களையும் பேசிவிட வேண்டும்.

முதலாவது: சேரிக்கே பட்டா இல்லை, தொகுப்பு வீடு ஒழுகுகிறது. இருக்கும் கொஞ்சத்தில் முகாமும் பங்கு கேட்டால் நம் கதி என்ன? இந்தப் பயத்தை நாம் ஏளனம் செய்யக்கூடாது. ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முகாம்வாசிகள் ஏற்கெனவே இங்கே வாழ்கிறார்கள், அதே தண்ணீரைக் குடிக்கிறார்கள், அதே சித்தாள் வேலைக்குப் போகிறார்கள். உரிமை இல்லாததால் கூலி பேசும்போது அவர்கள் வாய் அடைபடுகிறது. அவர்களுடைய கூலி குறைந்தால் நம் கூலியும் சேர்ந்தே குறையும். வாயற்ற ஒரு கூட்டம் பக்கத்தில் இருப்பது முதலாளிக்கு வசதி, நமக்கல்ல.

இரண்டாவது: முகாமுக்குள் சாதி இல்லையா? இருக்கிறது. படகில் சாதியும் ஏறித்தான் வந்தது. யாழ்ப்பாணத்தில் தேநீர்க் கடைக்கும் கோயிலுக்கும் நடந்த போராட்டங்களை கே. டானியல் எழுதியதை நாம் படித்தவர்கள். அங்கே தலித்தான செல்லன் கந்தையன் யாழ் மாநகர மேயராக இருந்தபோது, 2003 பிப்ரவரியில் எரிக்கப்பட்ட நூலகத்தின் மறுதிறப்பு விழா கடைசி நேரத்தில் நிறுத்தப்பட்டது. அதற்குச் சாதியும் காரணமா என்ற வாதம் இன்றுவரை ஓயவில்லை. ஆகவே 'முகாமுக்கு ஒரு பிரதிநிதி' என்று பொதுவாகக் கேட்டால், அங்கேயும் மேல்சாதி ஆண் ஒருவரே வந்து உட்காருவார். பெண்களுக்கும் தலித்துகளுக்கும் மலையகத்தாருக்கும் இடம் வேண்டும் என்று தொடக்கத்திலேயே சேர்த்துக் கேட்பது நம் கடமை.

இனி, நாம் செய்யக்கூடியவை.

குடியுரிமை தருவது ஒன்றிய அரசின் அதிகாரம். அந்தக் கோரிக்கையை, குறிப்பாக மலையக வழியினருக்கும் இங்கே பிறந்தவர்களுக்கும், நம் இயக்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் நிரந்தரமாக வைப்போம். அதுவரை ஊர் சும்மா இருக்க வேண்டியதில்லை. முகாம் உள்ள ஒவ்வொரு ஊராட்சியிலும், கிராம சபைக்கு முகாம்வாசிகளைப் பார்வையாளர்களாக அழைத்து அவர்கள் குறையைப் பேசவைக்கும்படி நம் உறுப்பினர்கள் தீர்மானம் கொண்டுவரட்டும். வாக்கு இல்லாவிட்டாலும் பேச்சு பதிவேட்டில் ஏறும். 2025இல் தமிழ்நாடு அரசு சட்டத்தைத் திருத்தி, உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்க வழிசெய்தது. தேர்தல் வழியாக வர முடியாதவர்களையும் மன்றத்துக்குள் கொண்டுவரலாம் என்று அரசே ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது. குடியுரிமைத் தடை இருப்பதால் அதை அப்படியே முகாமுக்குப் பொருத்த முடியாது. ஆனால் முகாம் உள்ள ஊராட்சிகளில் சிறப்பு அழைப்பாளர் என்ற ஓர் ஏற்பாட்டைக் கேட்க அது நல்ல முன்மாதிரி.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை உண்டு. 1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்தவர்கள் உங்கள் மாவட்ட முகாமில் எத்தனை பேர்? பிறப்புச் சான்று யாரிடம் இருக்கிறது, யாரிடம் இல்லை? பாட்டன் எந்த ஊரிலிருந்து தோட்டத்துக்குப் போனார்? போய்க் கேளுங்கள், எழுதிக்கொள்ளுங்கள். வழக்கறிஞர்களுக்குத் தேவையான சான்று அது. நம் இலக்கியத்துக்கும் அது வேண்டும்.

கடைசியாக ஒன்று. அம்பேத்கர் 1948இல் அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைப் புனிதமாக்க மறுத்தார். ஊர் வேறு, சேரி வேறு என்று பிரித்து வைத்திருக்கும் இடத்துக்கு அதிகாரம் கொடுத்தால் அது யார் கையில் போகும் என்று அவருக்குத் தெரியும். அந்த எச்சரிக்கையை நாம் கைவிடவில்லை. அதனால்தான் ஊரின் எல்லையை விரிக்கச் சொல்கிறோம். சேரியை ஊர் என்று ஒப்புக்கொள்ளாதவர்களை எதிர்த்துத்தான் முருகேசன் மனுத்தாக்கல் செய்தார். அந்த மனுவில் எழுதியிருந்த நியாயத்தை முகாமுக்கும் சேர்த்து நாம் கேட்போம்.

ஜெய் பீம்.