அஸ்வெசுமப் பட்டியலும் நமது லயங்களும்

(2025 செப்டெம்பரில் ஹட்டனில் நடைபெற்ற தோட்டத் தலைவர்கள், மாதர் அணித் தலைவிகள் கூட்டத்தில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வரமுடியாத அங்கத்தவர்கள் கேட்டதற்கிணங்கப் பிரசுரிக்கிறோம்.)



கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு, உடுப்பு மாற்றக்கூட நேரமில்லாமல் மழையில் நனைந்து வந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். அதனால் நேராக விடயத்துக்கு வருகிறேன்.

இன்றைய நிகழ்ச்சி நிரலில் நாலாவதாக ஒரு தீர்மானம் இருக்கிறது. அஸ்வெசும பெறுகிறவர்களில் தகுதியில்லாதவர்களின் பெயர்களை ஒவ்வொரு தோட்டத்திலும் நமது தலைவர்களே திரட்டி, பிரதேச செயலகத்துக்குக் கொடுக்க வேண்டும் என்கிறது அது. கொண்டுவந்த அண்ணன் நல்ல மனதோடுதான் கொண்டுவந்தார். அவருடைய தோட்டத்தில் சில்லறைக் கடையும் த்ரீவீலும் வைத்திருக்கிற ஒருவருக்குப் பணம் விழுகிறது. பக்கத்து லயத்தில் கை விழுந்துபோன ஒருவருக்கு இல்லை. அந்தக் கோபம் நியாயமான கோபம். ஆனாலும் தீர்மானத்தை இப்படியே நிறைவேற்ற வேண்டாம் என்று கேட்கத்தான் எழுந்து நிற்கிறேன். காரணம் சொல்வதற்கு முன் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லிவிடுகிறேன்.

2023இல் முதல் பட்டியல் வெளியானபோது எங்கள் தோட்டத்தில் ஒரு அம்மாயியின் பெயர் வந்தது. மகள் வீட்டுவேலைக்கு வெளிநாடு போயிருந்தாள். பேரப்பிள்ளைகள் இரண்டும் அம்மாயியோடு. பக்கத்துக் காம்பராக்காரருடைய பெயர் பட்டியலில் இல்லை. அவர் என்னிடம் வந்தார். "டீச்சர், அங்க பெரிய டிவி இருக்கு. தரைக்கு டைல்ஸ் போட்டிருக்கு. மகள் வெளிநாட்டுல. அவங்களுக்குக் காசு, எங்களுக்கு இல்ல. ஒரு ஆட்சேபனை எழுதித் தாங்க" என்றார். நான் போய்ப் பார்த்தேன். வாசலில் நின்றுதான் பார்த்தேன். டிவி இருந்தது, டைல்ஸும் இருந்தது. எழுதிக் கொடுத்தேன், நல்ல கையெழுத்தில்.

சில மாதத்தில் அம்மாயிக்குப் பணம் நின்றது. என் கடிதத்தால்தான் நின்றதா என்று யாரும் எழுத்தில் அறிவிக்கவில்லை. நான் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்.

அடுத்த வருடம் அந்த மூத்த பிள்ளை நாலாம் ஆண்டில் என் வகுப்புக்கு வந்தது. பாடசாலையில் பகல் சாப்பாடு கொடுக்கிறோம். ஒரு நாள் கேட்டது: "டீச்சர், மிச்சம் இருந்தா அம்மாயிக்குக் கொண்டு போகவா?" அன்று பின்னேரம் போனேன். இந்த முறை உள்ளே போய் உட்கார்ந்தேன். மகள் முதல் நாலு மாதம் ஒழுங்காக அனுப்பியிருக்கிறாள். டைல்ஸும் டிவியும் அந்த நாலு மாதப் பணம். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்காரர் சம்பளத்தை நிறுத்திவிட்டார். அவள் போவதற்கு வாங்கிய நுண்கடனுக்கு மட்டும் வாரா வாரம் ஆள் வந்துகொண்டிருந்தது. நான் எழுதிய கடிதத்தில் ஒரு பொய்கூட இல்லை. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இதை ஒரு தனி வீட்டுக் கதையாக மட்டும் பார்க்காதீர்கள். நம்மை ஒரு காலத்தில் எப்படி அழைத்தார்கள்? கள்ளத்தோணி. அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு குற்றச்சாட்டு இருக்கிறது. ஒன்று, நீ வெளியாள். மற்றது, நீ கள்ளன். இந்த நாட்டில் யாருக்கு உதவி, யாருக்கு இல்லை என்ற பேச்சு எழுந்த போதெல்லாம் இந்த இரண்டும் சேர்ந்தேதான் வந்தன.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் என்ன கேட்டது? இங்கே பிறந்தால் மட்டும் போதாது, தகப்பன் இங்கே பிறந்ததைக் காட்டு, அல்லது பாட்டனும் பூட்டனும் பிறந்ததைக் காட்டு என்றது. லயத்தில் பிறந்த பிள்ளைக்கு யார் பதிவு வைத்திருந்தார்கள்? அடுத்த வருடம் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர்களுக்கான சட்டம் வந்தது. 1946க்கு முன் தொடர்ந்து பத்து வருடம், கலியாணம் முடித்தவர் என்றால் ஏழு வருடம், இங்கே வசித்ததை நிரூபிக்க வேண்டும். அதோடு இன்னொன்றும் கேட்டார்கள். இதை நன்றாகக் கவனியுங்கள். நிச்சயமான வருமானம், அல்லது தகுந்த தொழில் இருப்பதைக் காட்ட வேண்டும். நாட்டுக்குச் சுமையாக இருக்க மாட்டோம் என்று காட்ட வேண்டுமாம், நாட்டின் ஏற்றுமதியைக் கூடையில் சுமந்தவர்கள்! எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. 1960களின் தொடக்கம் வரை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு மட்டும்.

பிறகு 1973, 74 பஞ்சம். அரிசிப் பங்கீட்டை வெட்டினார்கள், மாவும் தட்டுப்பாடு. கிராமத்தில் வீட்டைச் சுற்றி மரவள்ளி நட ஒரு துண்டு மண்ணாவது இருந்தது. நமக்கு லயத்து வாசலில் கானைத் தவிர என்ன இருந்தது? தோட்டங்களில் சாவு கூடியதை நாட்டின் மரணப் பதிவுகளே காட்டுகின்றன. என் பாட்டி அந்த வருடங்களைப் பற்றிப் பேசவே மாட்டார். கோதுமை மா ரொட்டியில் ஒரு துண்டு மிஞ்சினாலும் எறிய விடமாட்டார், அவ்வளவுதான்.

1978இல் மாதம் 300 ரூபாவுக்குக் குறைந்த வருமானமுள்ள குடும்பங்களுக்கு மட்டும் பங்கீடு என்று சட்டமாக்கினார்கள். 1979 செப்டெம்பரில் அது உணவு முத்திரையாக மாறியது. வருமானத்தை நாமே எழுதிக் கொடுக்க வேண்டும். நாட்டின் சனத்தொகையில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு முத்திரை கிடைத்தது. வயல் செய்கிறவர், சந்தையில் விற்கிறவர், கூலிக்குப் போகிறவர், இவர்களுடைய வருமானம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. குறைத்து எழுதினால் யாருக்குத் தெரியும்? அவர்களை நான் குறை சொல்லவில்லை. பிள்ளை பசியோடு இருந்தால் நானும் குறைத்துத்தான் எழுதுவேன். ஆனால் நமது வருமானம் செக்றோலில் சதக் கணக்காக இருந்தது. புருஷன், பெண்சாதி இரண்டு பேருடைய பேரும் விழுந்தால் 300 ரூபாவைத் தாண்டிவிடும். தாண்டினால் முத்திரை இல்லை.

பிரஜாவுரிமை கேட்டபோது வருமானம் இருக்கிறதைக் காட்டு என்றார்கள். அரிசி கேட்டபோது உனக்குத்தான் வருமானம் இருக்கிறதே என்றார்கள். பின்னால் ஜனசவிய, சமுர்த்தி என்று வந்தவையும் பெரும்பாலும் அதே பதிலோடுதான் தோட்டத்தைக் கடந்து போயின: மாதச் சம்பளக்காரர்களுக்கு எதற்கு?

இது நம் நாட்டுக்கு மட்டும் உள்ள வழக்கம் இல்லை. அமெரிக்காவில் 1996இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, சட்டப்படி குடியேறியவர்களில் பெரும்பாலோருக்கும் உணவு முத்திரையை நிறுத்தினார்கள். 2002இல் சிறுபிள்ளைகளுக்கும், ஐந்து வருடம் வசித்தவர்களுக்கும் திருப்பிக் கொடுத்தார்கள். இந்த வருடம் ஜூலையில் வந்த சட்டம் அகதிகளைக் கூட அந்த உதவியிலிருந்து வெளியே தள்ளியிருக்கிறது. அங்கேயும் மோசடி என்ற பேச்சுத்தான் முன்னால் வருகிறது, பின்னாலேயே வெளிநாட்டான் என்ற பேச்சு வருகிறது. நமது சொந்தங்களையே பாருங்கள். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் போனவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு 1968இல் தொடங்கிய நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் அவர்களுக்குப் பெயர் சிலோன்காரர். இங்கே இருந்தவரை இந்தியாக்காரர்.

சரி, அஸ்வெசுமவுக்கு வருவோம். 2002ஆம் ஆண்டின் நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் இது நடக்கிறது. கல்வி, சுகாதாரம், பொருளாதார மட்டம், சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என்று ஆறு பகுதிகளில் 22 குறிகாட்டிகளைப் பார்த்துப் புள்ளி போடுகிறார்கள். இந்த வருடம் ஜனவரியிலிருந்து மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 17,500 ரூபாய், வறிய குடும்பத்துக்கு 10,000. இது பழையதை விட நல்ல முறை என்றுதான் நான் நினைக்கிறேன். தலைவரின் மச்சானா, அரசியல்வாதியின் ஆளா என்று அந்தக் குறிகாட்டிகள் கேட்பதில்லை. பட்டியலைப் பகிரங்கமாக ஒட்டுகிறார்கள். மேன்முறையீடு செய்யலாம், ஆட்சேபனையும் செய்யலாம். முதல் சுற்றிலேயே ஒன்பது இலட்சத்துக்கு மேல் மேன்முறையீடு போனது. விடுபட்டவர்களின் பிரச்சினை எவ்வளவு பெரியது என்று அதிலேயே தெரிகிறது.

ஆனால் படிவத்துக்கு லயம் என்றால் என்னவென்று தெரியாது. ஒரு காம்பராவில் தாய் தகப்பன் ஒரு அடுப்பு, கலியாணம் முடித்த மகன் இஸ்தோப்பில் ஒரு அடுப்பு, விட்டுவிட்டு வந்த மகள் பின்பக்கம் தகரம் இழுத்து ஒரு அடுப்பு. வீட்டு இலக்கம் ஒன்று. சில லயங்களில் கரண்ட் மீட்டரும் ஒன்று. ஒருவருடைய டிவி மூன்று பேருடைய சொத்தாகிவிடுகிறது. சம்பளமும் அப்படித்தான். நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று பத்திரிகையில் வந்தது. அதை 25ஆல் பெருக்கினால் 33,750. நாட்டில் எல்லோரும் அந்தக் கணக்கைத்தான் போடுகிறார்கள். கிலோ குறைந்தால் அரைப்பேர் விழுவதும், வாரத்தில் மூன்று நாள்தான் வேலை கிடைப்பதும், பென்சன் எடுத்தவர்கள் கைக்காசுக்கு ஓடுவதும் அந்தப் பெருக்கலில் வருவதில்லை. 2019இல் அரசாங்கம் எடுத்த கணக்கின்படியே நாட்டில் வறுமை 14.3 வீதம், தோட்டப்புறத்தில் 33.8 வீதம். மூன்றில் ஒருவர். அதுவும் பொருளாதார நெருக்கடிக்கு முன்னால்.

அப்படியானால் நமது ஆட்களில் கள்ளக் கணக்குக் காட்டுகிறவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். வெட்கப்பட்டுக்கொண்டே சொல்கிறேன், இந்த மண்டபத்திலும் ஓரிருவருக்கு அப்படிப் பணம் விழுகிறது. கொழும்பில் மகனுக்குக் கடை, வீட்டில் மூன்று சம்பளம், இங்கே கிழவியின் பெயரில் கொடுப்பனவு. அவர்களிடம் நான் தனியாகப் பேசியிருக்கிறேன், இன்னும் பேசுவேன். அதை மூடி மறைக்கச் சொல்லவில்லை. ஒரு தோட்டத்தில் அப்படி மூன்று பேர் இருந்தால், வெளியே நிற்கிற முப்பது பேரைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள், அந்த மூன்று பேரைப் பற்றித்தான் பேசுவார்கள். ஆனால் அந்த மூன்று பேரைப் பிடிப்பதற்காகச் சங்கமே வாசல் வாசலாக எட்டிப்பார்க்கத் தொடங்கினால், என்னைப் போல வாசலில் நின்று எழுதுகிறவர்கள்தான் அதிகமாவார்கள். பழைய கோபதாபம், சாதி, கட்சி மாறியது, பைப் தண்ணீர்ச் சண்டை எல்லாம் அந்தப் பட்டியலில் வந்து உட்காரும். ஒவ்வொரு தோட்டத்திலும் இது உங்களுக்குத் தெரிந்ததுதானே. இதில் இன்னொரு விடயமும் இருக்கிறது. தோட்டத்துக்காரர்களே தங்களுக்குள் இத்தனை கள்ளர் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று அந்தக் கடிதக் கட்டை நாளைக்கு யார் தூக்கிக் காட்டுவார் என்று நமக்குத் தெரியாது.

ஆகவே என் திருத்தம் இது. தலைவர்கள் முதலில் திரட்ட வேண்டியது விடுபட்டவர்களின் பெயர்களை. ஒவ்வொரு அடுப்பையும் தனிக் குடும்பமாக எழுதுங்கள். கடைசி ஆறு மாதம் எத்தனை பேர் விழுந்தது என்பதைச் சம்பளத் துண்டிலிருந்து எடுத்து எழுதுங்கள். துண்டு இல்லையென்றால் தோட்ட ஆபீசில் கேட்டு வாங்குங்கள், அது தொழிலாளியின் உரிமை. இதை வைத்துக்கொண்டு நலன்புரி நன்மைகள் சபையிடம் சங்கம் போகட்டும். லயத்தில் குடும்பம் என்றால் அடுப்பு, சம்பளம் என்றால் உண்மையில் கைக்கு வந்தது, கணக்கெடுக்க வருகிறவர் தமிழ் தெரிந்தவர் என்று கேட்கட்டும். ஆட்சேபனை எழுதுவது தனி ஆளின் உரிமை, அதை யாரும் தடுக்க முடியாது. ஆனால் சங்கத்தின் பெயரிலோ, தலைவரின் கையெழுத்திலோ ஒன்று போவதானால், அந்த வீட்டுக்குள்ளே போய் உட்கார்ந்து பேசிய பிறகுதான் போக வேண்டும். நமது ஆட்களில் பணம் தேவையில்லாதவர்கள் தாங்களாகவே எழுதிக் கொடுத்து விலகட்டும். அந்தக் கடிதத்தை எழுதவும் நான் உதவுகிறேன், பெயர் வெளியே வராது.

அம்மாயியின் விடயம் என்னாச்சு என்று முன்வரிசை அக்கா கேட்கிறார். மேன்முறையீடு போட்டிருக்கிறோம். அதையும் நான்தான் எழுதினேன், அதே கையெழுத்தில். முதல் கடிதத்தில் எழுதாமல் விட்டதையெல்லாம் இதில் எழுதினேன். சாட்சியாகக் கையெழுத்துப் போட்டவர் பக்கத்துக் காம்பராக்காரர். நடந்ததைச் சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை, பேனையை வாங்கிப் போட்டுவிட்டுப் போய்விட்டார். பதில் இன்னும் வரவில்லை. அவருடைய பெயரும் இன்னும் பட்டியலில் இல்லை, அவருக்கும் ஒன்று எழுதியிருக்கிறோம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணியிலிருந்து எங்கள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் இருப்பேன். பக்கத்துத் தோட்டத்து ஆட்களும் வரலாம். அடையாள அட்டை, கரண்ட் பில், சம்பளத் துண்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் கொண்டு வாருங்கள். கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியையும் கொண்டு வாருங்கள். நான் எழுதியதைக் கையெழுத்துப் போடுவதற்கு முன் நீங்களே ஒரு தடவை வாசித்துப் பார்க்க வேண்டும்.