பொறி பெயரட்டும், உயிர் பேணுவோம்!

(பட்டறை உழைப்பாளர் நடுவே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இரும்போடு பழகி இரும்பினும் உறுதியுற்ற உழைப்பாளப் பெருமக்களே!

புதுப் பட்டறைக்குக் குடிபுகும் நாள் நமக்கெல்லாம் மகிழ்ச்சி நாள். வாழை கட்டுகின்றோம், மாவிலை தூக்குகின்றோம், இனிப்பு வழங்குகின்றோம். ஆயின், அதற்கு முந்திய நாளே பட்டறை வாழ்வில் இடர் மிகுந்த நாள் என்பதை நம்முள் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கின்றோம்? ஆண்டுக் கணக்கில் நின்ற இடத்திலேயே நின்று நமக்குச் சோறு போட்ட பொறி, அன்று ஒரு நாள்தான் இடம்விட்டு நகர்கின்றது. நகரும்போது அது பொறியன்று, வெறுஞ் சுமை. சுமைக்கு நட்பும் தெரியாது, உறவும் தெரியாது.

கோவையை எண்ணிப் பாருங்கள். 1932இல் பைக்காரா புனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பின்னர், அப்பகுதியில் ஆலைகளும் அவற்றைச் சார்ந்த பட்டறைகளும் விரைந்து பெருகின. பீளமேட்டிலும் கணபதியிலும் சிங்காநல்லூரிலும் ஒரு கூரையின்கீழ் நால்வரும் ஐவருமாய் உழைக்கும் சிறு பட்டறைகள் பல. சந்து குறுகலாயின், பளுத்தூக்கி வண்டி உள்ளே வர வழியேது? 'லேத்து' என்று நாம் வழங்கும் கடைசல் பொறியைக் கடப்பாரையாலும் தோள்வலியாலுமே உள்ளே செலுத்துகின்றோம்.

இதில் சட்டம் நமக்கு எவ்வளவு காவலாய் நின்றது? ஊறு விளைவிக்கத்தக்க சுமையை எவரையும் தூக்கவோ நகர்த்தவோ செய்யலாகாது என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 34ஆம் பிரிவு விதித்தது. ஆனால், மின்னாற்றல் கொண்டு பத்துப் பேராவது உழைக்கும் இடத்தையே அச்சட்டம் பொதுவில் தொழிற்சாலை என்று கொண்டது. ஐவர் உழைக்கும் பட்டறை வேலிக்கு வெளியே நின்றது. வேலிக்கு வெளியே நிற்பவனுக்கு அறிவும் ஒழுங்குமே வேலி!

அவ்வறிவு நமக்குப் புதிதன்று, கையில் உள்ளதுதான். 150 செ.மீ. நீளமுள்ள கடப்பாரையை எடுங்கள். முனையிலிருந்து 10 செ.மீ. தொலைவில் தாங்குகட்டை வையுங்கள். மறுபுறம் 140 செ.மீ. எஞ்சுகின்றது. அதன் கோடியில் 30 கிலோ அளவு அழுத்தினால், முனை 420 கிலோ அளவுக்கு நெம்பும். பின் எதற்காக நால்வர் குனிந்து முதுகெலும்பை முறித்துக்கொள்ள வேண்டும்? ஆனால் ஒன்று: ஒரு விரற்கடை நெம்பினால், அந்த விரற்கடைக்கும் உடனே அடைகட்டை கொடுங்கள். கட்டையை விளிம்பில் பிடித்துத் தள்ளுங்கள். கையைப் பொறியின் அடியில் நுழைக்காதீர்கள். கடப்பாரை வழுக்கலாம், கட்டை வழுவாது.

அடுத்து, எடைநடுவம். கடைசல் பொறியின் எடையெல்லாம் தலைப்பக்கமே மிகுந்திருக்கும். ஆகவே, கத்தி தாங்கும் ஊர்தியையும் வால்தாங்கியையும் மறுகோடிக்குத் தள்ளி இறுக்கிய பின்னரே வடம் கட்டுக. நெடுந்திருகில் வடம் கட்டாதீர். அது வளைந்தால் பொறியின் நேர்மை போயிற்று. துருவல் பொறியும் துளைப்பொறியும் தலை கனத்து அடி குறுகியவை. அவற்றின் மேசையையும் கையையும் தாழ்த்தி இறுக்காமல் தொடவே தொடாதீர்.

வடத்தின் கணக்கையும் கேளுங்கள். 1000 கிலோ எடையை இரண்டு வடங்கள் நேர்செங்குத்தாய்த் தாங்கினால், ஒவ்வொன்றுக்கும் 500 கிலோ. அவ்வடங்களே தரைமட்டத்தோடு 30 பாகைச் சாய்வில் விரிந்து நின்றால், ஒவ்வொன்றின்மீதும் 1000 கிலோ இழுவிசை! வடம் அதே வடம்; சுமை அதே சுமை; கட்டிய முறையால் விசை இரட்டித்தது. நன்கு தாங்கிய வடம் ஒருநாள் திடுமென அறுவது ஏன் என்பது இப்போது விளங்குகின்றதா?

உருளைகள்மேல் நகர்த்தும்போது, சுமை இரண்டடி சென்றால் உருளை ஓரடிதான் செல்லும். எனவே பின்னுருளை வெளிப்பட்டுக்கொண்டே இருக்கும். அதை எடுத்து முன்னே இட வேண்டும். உருளையின் நடுவே கைபோடாமல் கோடியைப் பிடித்து இடுபவனே பத்து விரலோடு வீடு திரும்புவான். பத்துக்கு ஒன்று என்னும் சரிவில் 1000 கிலோ பொறி ஏறக்குறைய 100 கிலோ விசையோடு கீழே இழுக்கும். அதனால் இறக்கத்தில் மேட்டுப்பக்கம் ஓர் உறுதியான தூணில் வடம் சுற்றிச் சிறிது சிறிதாய் விடுக. இறங்கும் பொறிக்கு முன்னால் எவரும் நிற்கலாகாது; உரிமையாளரும் நிற்கலாகாது!

இனி மொழி. பலர் கத்தும் இடத்தில் ஒருவர்தான் ஆணையிட வேண்டும். நெம்பு, விடு, நில் என்னும் மூன்று சொற்கள் போதும், மூன்றும் நம் சொற்கள், குறுகியவை, தெளிந்தவை. 'நில்' என்று மட்டும் எவரும் கூவலாம். கூவியதும் அனைவரும் நிற்க வேண்டும். இன்று நம் பட்டறைகளில் வடபுலத் தோழர்களும் உடனுழைக்கின்றனர். வேலை தொடங்குமுன் அவர்களுக்கு இம்மூன்று சொற்களையும் கற்பித்து, திருப்பிச் சொல்லவும் செய்து காட்டவும் செய்க. விளங்காதாயின் அவர்தம் மொழியில் விளக்குக. விளங்காத ஆணை தமிழில் இருந்தாலும் விரலைக் காக்காது!

பொறி இடம் சேர்ந்ததும் பணி முடிந்துவிடவில்லை. படுகை முறுக்கின்றி மட்டமாய் அமர வேண்டும். நுண்மட்டக் கருவி, மீட்டருக்கு 0.02 மி.மீ. வேறுபாட்டையும் காட்டும். முறுக்கோடு அமர்ந்த கடைசல் பொறி, உருளையைக் கடைந்தால் கூம்பாய்த் தரும். மின்னிணைப்பில் முத்தடக் கம்பிகளுள் இரண்டு இடம்மாறினால் மின்னோடி எதிர்ப்புறம் சுழலும். திருகி மாட்டிய பற்றுவாய் கழன்று பறக்கவும் கூடும். ஆகவே பற்றுவாயைக் கழற்றி வைத்து, சுழலும் புறம் பார்த்த பின்னரே தொழில் தொடங்குக.

தோழர்களே! பொறி பழுதுற்றால் செப்பனிடலாம். உடைந்தால் வேறு வாங்கலாம். கடனும் ஒருநாள் தீரும். இழந்த விரலை எந்த வார்ப்படச் சாலையில் வார்ப்பது? அரைநாள் மிச்சமாகட்டும் என்று விரையும் முதலாளியிடம், "ஐயா, கட்டை வரட்டும், பிறகு நெம்புவோம்" என்று சொல்லும் துணிவே உண்மையான தொழில்திறன். அத் துணிவு ஒவ்வொரு பட்டறையிலும் வேரூன்றுக! உழைப்பவர் கை ஓங்குக!