குடலும் மனமும்

(நெகிரி செம்பிலான் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது சம்பளமும் அல்ல, போனசும் அல்ல. அவற்றை உழைத்து வாங்கும் ஆளையே வீழ்த்திவிடும் ஒரு நோயைப் பற்றிப் பேசப் போகிறேன். அதன் பெயர் மனச்சோர்வு.

ஒருவர் நாலு நாள் பெரட்டுக்கு வராவிட்டால் சோம்பேறி என்கிறோம். வீட்டில் மூலையில் உட்கார்ந்திருந்தால் காத்து கருப்பு அடித்துவிட்டது என்கிறோம். உறக்கமில்லை, பசியில்லை, எதிலும் நாட்டமில்லை, தன்னால் யாருக்கும் பயனில்லை என்ற எண்ணம். இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது சோம்பலும் அல்ல, பேயும் அல்ல. அது நோய். நம் நாட்டில் 2023ஆம் ஆண்டு சுகாதார அமைச்சு நடத்திய ஆய்வில், 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு இந்நோய் காணப்பட்டது. ஏறத்தாழ 10 லட்சம் பேர்! அவர்களில் நம் தோட்டத்து மக்களும் இருப்பார்கள் அன்றோ?

இப்போது ஒரு புதுப் பேச்சு கிளம்பியிருக்கிறது. குடலைச் சரிசெய்தால் மனம் சரியாகிவிடும் என்று சொல்லி, நல்ல நுண்ணுயிர்கள் அடங்கிய புட்டிகளையும் பொட்டலங்களையும் வீடு வீடாக வந்து விற்கிறார்கள். இதில் மெய் எவ்வளவு, மிகை எவ்வளவு என்று நாம் தெரிந்துகொள்ள வேண்டாமா?

முதலில் மெய்யைச் சொல்கிறேன். நம் குடலில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. மூளைக்கும் குடலுக்கும் இடையே வேகஸ் என்ற நரம்பு ஓடுகிறது. பயம் வந்தால் வயிறு கலங்குவது இந்தத் தொடர்பினால்தான். ஜப்பானில் கியூஷு பல்கலைக்கழகத்தார் 2004இல் ஒரு சோதனை வெளியிட்டனர். குடலில் நுண்ணுயிரே இல்லாமல் வளர்த்த எலிகள், நெருக்கடி வந்தபோது மற்ற எலிகளைவிட மிகுதியாகக் கலவரப்பட்டன. நல்ல நுண்ணுயிர் ஒன்றை இளமையிலேயே கொடுத்தபோது அக்கலவரம் தணிந்தது.

மனிதரிடத்திலும் பார்த்திருக்கிறார்கள். 1910இலேயே லண்டன் பெத்லெம் மருத்துவமனையில் பிலிப்ஸ் என்னும் மருத்துவர், மனச்சோர்வுற்ற 18 பேருக்குத் தயிரிலுள்ளது போன்ற நுண்ணுயிரைக் கொடுத்து, 11 பேர் குணமடைந்ததாக எழுதினார். ஆனால் அம்மருந்தில்லாத வேறொரு குழுவோடு அவர் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. எனவே அதை முழுச் சான்றாகக் கொள்ள இயலாது. 2023இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியார் 49 பேரை வைத்து 8 வாரம் முறையாகச் சோதித்தனர். மருந்து உண்டும் முழுக் குணம் காணாதவர்கள் அவர்கள். நுண்ணுயிர் மாத்திரை உண்ட குழுவில் சோர்வு கூடுதலாகக் குறைந்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அவர்கள் மருத்துவர் கொடுத்த மருந்தை நிறுத்தவில்லை; மருந்தோடு சேர்த்துத்தான் அதை உண்டார்கள். 49 பேர் என்பதும் சிறு தொகையே. ஆகவே இது துணை. மருந்துக்கு மாற்று அல்ல.

துணை என்றால் புட்டியில்தான் வர வேண்டுமா? ஆஸ்திரேலியாவில் 67 பேரிடம் நடத்திய சோதனை 2017இல் வெளிவந்தது. காய்கறி, பழம், பருப்பு, தீட்டாத தானியம், மீன் ஆகியவற்றை உண்ணப் பழக்கிய குழுவில், 12 வாரத்தில் 32 விழுக்காட்டினர் நோய் நீங்கினர். பேச்சுத் துணை மட்டும் பெற்ற குழுவில் 8 விழுக்காட்டினரே நீங்கினர். கீரையிலும் பயற்றிலும் உள்ள நார்தான் நல்ல நுண்ணுயிர்களுக்குத் தீனி. அது நம் லயத்துக் கொல்லையில் விளையாததா?

நம் பாட்டன்மார் விடியுமுன் பழைய சோறும் நீராகாரமும் உண்டு வெட்டுக்காட்டுக்குப் போனார்கள். இரவெல்லாம் ஊறிய அந்தச் சோற்றில் புளிப்பேற்றும் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவக் கல்லூரியார் அதைக் குடல் நோயாளிகளுக்குக் கொடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். அது குடல் நோய்க்கான ஆராய்ச்சி. மனச்சோர்வு பற்றியது அல்ல. ஆயினும் மோரும் தயிரும் பழைய சோறும் ஏளனத்துக்குரியவை அல்ல என்பது விளங்கும். நீரிழிவுக்காரர்கள் சோற்றை அளவோடு உண்ணுங்கள். கள்ளும் புளித்ததுதானே என்று யாரும் கேட்க வேண்டாம்! கள்ளும் சம்சுவும் சோர்வை வளர்க்குமே தவிரத் தீர்க்கா.

தோழர்களே! மோர் குடித்தால் போதும், மருத்துவமனை வேண்டாம் என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். மனச்சோர்வு மருந்து பலன் காட்டச் சில வாரம் பிடிக்கும். இடையில் தானே நிறுத்திவிடலாகாது. கடன் வாங்கிப் புட்டி வாங்குவதற்கு முன், 1 ரிங்கிட் கொடுத்து அரசாங்க கிளினிக்கில் மருத்துவரைப் பாருங்கள். அங்கிருந்து சிரம்பான், கோலப்பிலா மருத்துவமனைகளுக்கு அனுப்புவார்கள். புற்றுநோய் போன்ற கடும் நோய்க்குச் சிகிச்சை பெறுவோர், மருத்துவரைக் கேளாமல் நுண்ணுயிர் மாத்திரை உண்ணவே கூடாது.

லீவு போட்டால் சம்பளம் போய்விடுமே என்று அஞ்சுகிறீர்களா? 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, மருத்துவர் சான்றிதழ் இருந்தால், சேவைக் காலத்துக்கேற்ப ஆண்டுக்கு 14, 18 அல்லது 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. சட்டம் உடல் நோய், மன நோய் என்று பிரித்துச் சொல்லவில்லை. அதைக் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை. கேட்கத் தயங்குபவருக்காகப் பேசுவது கமிட்டியின் கடமை. கிராணிமார்களே! சான்றிதழில் இந்நோயின் பெயரைக் கண்டால் அதை ஊர்ப் பேச்சாக்கிவிடாதீர்கள்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தவரைத் தனியே விடாதீர்கள். முன்பு அம்முயற்சியே குற்றமாக இருந்தது. 2023இல் அச்சட்டப் பிரிவு நீக்கப்பட்டது. ஆகவே போலீசுக்கு அஞ்சி மறைக்க வேண்டியதில்லை. சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணுக்கோ, பிஃப்ரெண்டர்ஸ் சங்கத்தின் 03-76272929 என்ற எண்ணுக்கோ பேசலாம்.

மரத்தில் பட்டை நோய் கண்டால் உடனே மருந்து பூசுகிறோம். மரத்துக்குக் காட்டும் கவனத்தை மனிதனுக்குக் காட்டக் கூடாதா? பக்கத்து வீட்டில் சோர்ந்திருப்பவருக்கு ஒரு செம்பு மோர் கொண்டு போங்கள். அவர் பேச்சைக் காது கொடுத்துக் கேளுங்கள். மறுநாள் கையோடு கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள்.