உருளைக் கணக்கும் ஊராட்சித் தண்ணீரும்

(ஊராட்சித் தலைவர்களுக்கும் செயலர்களுக்கும் குடிநீர்த் தொட்டி இயக்குவோருக்கும் நடத்தப்பெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் நிகழ்த்திய உரை)



இன்று நாம் எடுத்துக்கொண்டுள்ள பொருள் ஒரு கணக்கு. பள்ளிக்கூடத்தோடு விட்டொழிந்தது என்று நிம்மதியாக இருந்தோமே, மீண்டும் வந்துவிட்டதா என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும் நமது ஊர்ப் பொதுச் சொத்துக்களைச் சற்று நினைத்துப் பாருங்கள். கிணறு, உறை, குழாய், உறிஞ்சு குழி, மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி ஆகியவற்றுள் பெரும்பாலானவை உருளை வடிவமே. உருளையை அளக்கத் தெரியாதவர் ஊர்த் தண்ணீரையும் அளக்க இயலாது.

சூத்திரங்கள் இரண்டே. வட்டத்தின் பரப்பை உயரத்தால் பெருக்கினால் உருளையின் கன அளவு கிடைக்கும். வட்டத்தின் சுற்றளவை உயரத்தால் பெருக்கினால் பக்கச் சுவரின் பரப்பு கிடைக்கும். வட்டத்தின் பரப்பைக் காண, ஆரையை ஆரையால் பெருக்கி, வந்ததை 3.1416-ஆல் பெருக்க வேண்டும். இது வெளியிலிருந்து வந்த வித்தையன்று. 20,000 விட்டமுள்ள வட்டத்திற்குச் சுற்றளவு ஏறக்குறைய 62,832 என்று கி.பி. 499-இல் ஆரியபட்டர் எழுதினார். வகுத்துப் பார்த்தால் அதே 3.1416 வருகிறது. சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கினால் வட்டத்தின் பரப்பு என்று தமிழிலே கணக்கதிகாரமும் கூறுகிறது.

சூத்திரத்தை மனப்பாடம் செய்வது எளிது. அதைத் திருப்பிப் போடத் தெரிவதே பயன் தருவது. ஏனெனில், ஆரையும் உயரமும் கைக்கு எட்டும்படி நம் முன் வந்து நிற்பதில்லை. ஒரு சமயம் கொள்ளளவு தெரியும், உயரம் தெரியாது. மற்றொரு சமயம் சுற்றளவு தெரியும், ஆரை தெரியாது. பெருக்கலால் வந்ததை வகுத்தலால் பிரிக்கலாம் என்ற ஒரே உண்மையைப் பிடித்துக்கொண்டால் போதும்.

முதலில் கிணற்றை எடுத்துக்கொள்வோம். இதில் பிழை நேர்ந்தால் வயிற்றுப்போக்கும் காலராவும் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். கிணற்று நீருக்குப் பிளீச்சிங் பவுடர் இடுகிறோம். நல்ல தரமான தூளாயின் 1,000 லிட்டருக்கு ஏறக்குறைய 2.5 கிராம் என்பது பொதுச் சுகாதார நூல்கள் கூறும் அளவு. நீர் கலங்கியிருந்தால் கூடுதலாக வேண்டியிருக்கும். அப்படியானால், கிணற்றில் எத்தனை லிட்டர் இருக்கிறது என்று அறியாமல் "ஒரு கை, இரண்டு கை" என்று அள்ளிப் போடுவது எங்ஙனம் பொருந்தும்? குறைந்தால் கிருமி சாகாது. மிகுந்தால் நாற்றம் தாளாமல் மக்கள் வேறு நீரைத் தேடிப் போவார்கள், அந்நீர் எத்தகையதோ!

கிணற்றின் குறுக்கே நாடாவைப் பிடித்துச் சரியான விட்டம் காண்பது கடினம். எனவே வெளிச்சுவரைச் சுற்றிக் கயிறு கட்டி அளவுங்கள். சுற்றளவு 11 மீட்டர் 31 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதை 3.1416-ஆல் வகுத்தால் வெளி விட்டம் 3.6 மீட்டர். சுவரின் கனம் 30 சென்டிமீட்டர் எனின், இருபுறமும் சேர்த்து 60 சென்டிமீட்டரைக் கழிக்க வேண்டும். உள் விட்டம் 3 மீட்டர், ஆரை ஒன்றரை மீட்டர். கல் கட்டிய கயிற்றை இறக்கிப் பார்த்ததில் நீரின் ஆழம் 4 மீட்டர் எனக் கொண்டால், கன அளவு 28.27 கன மீட்டர். ஒரு கன மீட்டர் என்பது 1,000 லிட்டர். ஆகவே நீர் ஏறத்தாழ 28,270 லிட்டர், தூள் 71 கிராம். சுவரின் கனத்தைக் கழிக்க மறந்தவருக்கு இதே கிணற்றில் 40,700 லிட்டருக்கு மேல் வரும். விட்டத்தையே ஆரை என்று கொண்டவரோ நான்கு மடங்கு தூளைக் கொட்டிவிடுவார். ஆரை இருமுறை பெருக்கப்படுவதால், அதிலுள்ள சிறு பிழையும் பெரும் பிழையாகிவிடுகிறது. தூளைக் கரைத்துத் தெளிவை ஊற்றிய பின் ஒரு மணி நேரம் விட்டு, எஞ்சிய குளோரினைச் சோதித்துப் பார்ப்பதும் கடமை.

அடுத்து மேல்நிலைத் தொட்டி. 30,000 லிட்டர் தொட்டி ஒன்றின் உள் விட்டம் 4 மீட்டர். நீர் நிற்கும் உயரம் எவ்வளவு? இங்கே சூத்திரத்தைத் திருப்பிப் போட வேண்டும். கன அளவு 30 கன மீட்டர். அடிப்பரப்பு 12.57 சதுர மீட்டர். முன்னதைப் பின்னதால் வகுத்தால் 2.39 மீட்டர் கிடைக்கிறது. அதே முறையில் 1,000 லிட்டருக்கு உரிய உயரம் ஏறக்குறைய 8 சென்டிமீட்டர். ஆகவே ஒரு நீளக் கோலில் 8 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு இட்டுத் தொட்டியினுள் நிறுத்தினால், ஒவ்வொரு கோடும் ஆயிரம் லிட்டர். (அடி குழிந்தோ குவிந்தோ இருக்கும் தொட்டியில் கீழ்க் கோடுகளை மட்டும் நம்ப வேண்டாம்.)

இரவு வால்வுகளை எல்லாம் மூடிவிட்டு மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் 4 சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் 500 லிட்டர் கசிந்துவிட்டது என்று பொருள். 2019-இல் தொடங்கப்பெற்ற ஜல் ஜீவன் இயக்கம் ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று வகுத்தது. அக்கணக்கில் ஒன்பது பேருடைய ஒரு நாள் தண்ணீர் ஒரே இரவில் மண்ணுக்குப் போயிற்று. கடைக்கோடித் தெருவிலே வெறுங்குடத்துடன் நிற்கும் தாய்மாருக்கு நாம் சொல்லும் மறுமொழி "மின்சாரம் இல்லை" என்பதாக இருக்கலாம். கோலோ வேறு மறுமொழி சொல்லும்.

இத்தொட்டியின் உட்புறச் சுவருக்கு நீர்க்காப்புப் பூச்சுப் பூச வேண்டும். சுற்றளவு 12.57 மீட்டரை 2.39 மீட்டர் உயரத்தால் பெருக்கினால் 30 சதுர மீட்டர். கன அளவும் 30, பக்கப் பரப்பும் 30! இரண்டும் ஒன்றே என்று எண்ணிவிடாதீர்கள். பக்கப் பரப்பை ஆரையின் பாதியால் பெருக்கினால் கன அளவு வரும் என்பது உருளையின் இயல்பு. இங்கே ஆரை 2 மீட்டர். அதன் பாதி ஒன்று. ஆதலால் எண்கள் ஒத்துப்போயின. அடிக்கணக்கில் அளந்திருந்தால் ஒத்திரா.

பட்டியலைச் சரிபார்க்கவும் இதுவே கருவி. பூச்சு வேலை 36 சதுர மீட்டர், உயரம் 2.4 மீட்டர் என்று அளவுப் புத்தகத்தில் எழுதியிருந்தால், 36-ஐ 2.4-ஆல் வகுத்துச் சுற்றளவு 15 மீட்டர் என்று காணலாம், அதை 3.1416-ஆல் வகுத்தால் விட்டம் 4.77 மீட்டர். தொட்டியோ 4 மீட்டர். அடித்தளத்தின் ஒரு பகுதி சேர்ந்ததா, அளவே தவறா என்று கேட்கும் உரிமை தலைவருக்கு உண்டு. சினம் கொள்ளாமல், கணக்கை முன்வைத்துக் கேளுங்கள்.

கிணறு வெட்டுவதிலும் ஒரு வேடிக்கை உண்டு. 3 மீட்டர் விட்டத்தில் 16 மீட்டர் ஆழம் வெட்டினாலும், 4 மீட்டர் விட்டத்தில் 9 மீட்டர் ஆழம் வெட்டினாலும் அள்ளும் மண் ஒன்றே: 113 கன மீட்டர். சுவர்ப் பரப்போ முன்னதற்கு 151 சதுர மீட்டர், பின்னதற்கு 113. கல்கட்டுச் செலவு மிச்சமாகுமே என்று அகலக் கிணற்றுக்கு விரையலாகாது. ஊற்று எந்த ஆழத்தில் இருக்கிறது என்பது சூத்திரத்திற்குத் தெரியாது. ஊர்ப் பெரியவர்களையும் நிலத்தடி நீர் அறிந்தோரையும் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

சகோதரிகள் நெற்குதிர் செய்யும் தொழிலைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். மூடியுள்ள உருளையில் உயரமும் விட்டமும் சமமாயின் தகடு மிகக் குறைவாகச் செலவாகும். ஒரு கன மீட்டர் குதிருக்கு இரண்டும் 1.08 மீட்டர், தகடு 5.54 சதுர மீட்டர். விட்டத்தை 80 சென்டிமீட்டராகக் குறைத்தால் உயரம் ஏறத்தாழ 2 மீட்டர், தகடு 6 சதுர மீட்டர். தகட்டை மிச்சப்படுத்திச் செய்த குதிர் நம் வீட்டு நிலைவாசலில் நுழையாது போகலாம். ஆகையால் முதலில் வாசலை அளந்து, பிறகு குதிரை அளவுங்கள்.

பேச்சு இத்துடன் போதும். முகாம் வளாகத்துக் கிணற்றருகே கயிறும் நாடாவும் வைக்கப்பட்டுள்ளன. நால்வர் நால்வராகப் பிரிந்து சுற்றளவு, சுவர்க் கனம், நீராழம் மூன்றையும் அளந்து, நீரின் அளவையும் தூளின் அளவையும் எழுதிக் கொண்டுவாருங்கள். உணவு வேளைக்கு முன் எல்லோருடைய விடைகளையும் ஒப்பிட்டுப் பார்ப்போம்.