அடையாற்றுக் கழிமுகம்: வெள்ளத் தடுப்பும் நிலப் பயன்பாடும்

சென்னையின் மீனவக் குடியிருப்பான நொச்சிக்குப்பத்துக்குக் கிழக்கே கடல். மேற்கே, மயிலாப்பூர் வழியாகச் செல்லும் பக்கிங்ஹாம் கால்வாய். தெற்கே, பட்டினப்பாக்கத்தைத் தாண்டினால் அடையாற்று முகத்துவாரம். இப்பகுதியின் வெள்ளப் பாதுகாப்பு இந்த மூன்று நீரையும் பொறுத்தது.

அடையாறு ஏறத்தாழ 42 கிலோமீட்டர் நீளமே உள்ள சிறிய ஆறு. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரிநீரும் செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீரும் திருநீர்மலை அருகே ஒன்றுசேர்கின்றன. சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வழியாக வரும் ஆறு, சீனிவாசபுரத்துக்கும் ஊரூர் குப்பத்துக்கும் நடுவே கடலில் கலக்கிறது. அதற்குச் சற்று முன்னதாக அகன்று, குயிபிள் தீவை ஒட்டிக் கழியாகக் கிளைக்கிறது.

ஆண்டின் பெரும்பகுதி கடலோர நீரோட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகிறது. ஆற்றில் நீர் குறையும் கோடையில் அந்த மணல் மேடாகி முகத்துவாரத்தை அடைக்கிறது. பருவமழைக்கு முன் அதை அகற்றி வழிவிட வேண்டும். வழி திறந்திருந்தாலும், வெள்ளம் வரும் நேரத்தில் கடல் ஏற்றமாக இருந்தால் நீர் மெதுவாகவே வடியும். அந்தச் சில மணி நேரம் வெள்ளம் தங்குவதற்கு இடம் வேண்டும். அந்த இடம்தான் கழியும் அதைச் சுற்றிய தாழ்நிலமும். அதைத் தூர்த்துக் கட்டடம் எழுப்பினால், அங்கே தங்கியிருக்க வேண்டிய நீர் வீடுகளுக்குள் புகும்.

நீர் தங்கும் இடத்தை நகரம் வெகுகாலமாகவே இழந்து வந்திருக்கிறது. நுங்கம்பாக்கம் முதல் சைதாப்பேட்டை வரை நீண்டிருந்த பெரிய ஏரியை 1920களில் வடித்துத்தான் தியாகராய நகர் உருவாக்கப்பட்டது. அப்பகுதி மழைநீரை அடையாற்றுக்குக் கொண்டுசெல்லும் மாம்பலம் கால்வாய் தடைபட்டால் என்ன ஆகும் என்பதை 2021 நவம்பர் மழை அங்குள்ள தெருக்களை மூழ்கடித்துக் காட்டியது. பக்கிங்ஹாம் கால்வாயில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி 1877-78 பஞ்ச நிவாரணப் பணியாக வெட்டப்பட்டது. பின்னாளில் பறக்கும் ரயிலின் தூண்கள் அதே கால்வாயில் ஊன்றப்பட்டு, நீர்வழி குறுகியது.

இவற்றின் விளைவு 2015 டிசம்பரில் வெளிப்பட்டது. செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. வழியிலுள்ள மற்ற ஏரிகளின் நீரும் சேர்ந்தது. சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் மூழ்கின. தெருக்களுக்குள் படகுகளைக் கொண்டுவந்து மக்களை மீட்டவர்களில் கடலோர மீனவர்கள் முக்கியமானவர்கள்.

பாதுகாப்புக்குப் பல வழிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லையும் உண்டு. கரைச்சுவர் தன் பின்னால் உள்ள தெருவைக் காக்கும். ஆனால் ஆற்றைக் குறுக்கிக் கட்டினால் நீர்மட்டத்தை உயர்த்திவிடும். ஆற்று மட்டம் ஏறினால் மழைநீர் வடிகால்களில் நீர் எதிர்த்து வரும். அதனால் அவற்றின் வாயில் மதகு தேவை. தூர் வாருவது ஆண்டுதோறும் செய்ய வேண்டிய வேலை. நிலத்தை நீருக்கென ஒதுக்குவது மட்டுமே நிலையான பயன் தரும். அதற்கு நல்ல எடுத்துக்காட்டு, குப்பை கொட்டப்பட்டு வந்த கழியில் 58 ஏக்கரைச் சீரமைத்து 2011 ஜனவரியில் திறக்கப்பட்ட தொல்காப்பியப் பூங்கா. பின்னர் சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை முகத்துவாரப் பகுதியிலும் தூர் வாரி, அலையாத்திச் செடிகளை நட்டது.

சட்டத்திலோ காப்பு குறைந்திருக்கிறது. 2011ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, ஓதம் ஏறும் நீர்நிலைகளின் கரையில் 100 மீட்டர் வரை, அல்லது கழியின் அகலம் வரை, இவற்றில் எது குறைவோ அதுவரை கட்டுப்பாடு விதித்தது. 2019 அறிவிக்கை அந்த 100 மீட்டரை 50 ஆக்கியது. ஆகவே வெள்ளம் பரவும் எல்லையை உள்ளூர் நிலப் பயன்பாட்டு வரைபடத்திலேயே குறித்து, மனை அனுமதியை அதன்படி வழங்குவது அவசியமாகிறது.

இந்த விதி குடிசைக்கும் மாடிக் கட்டடத்துக்கும் ஒன்றாகவே பொருந்த வேண்டும். 2015க்குப் பிறகு அடையாற்றங்கரைக் குடும்பங்கள் பல தொலைவிலுள்ள பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்டன. கடலையே நம்பி வாழும் குடும்பத்துக்கு அவ்வளவு தூரம் போவது தொழிலை இழப்பதாகும். மீனவக் குடியிருப்புகளின் நீண்டகால வீட்டுத் தேவையைத் திட்டமிட வேண்டும் என்பதும் அதே 2011 அறிவிக்கையின் விதிதான். கழிக்கு இடம் ஒதுக்கும் திட்டம், படகும் வலையும் வைக்கக் கரையில் இடத்தையும், அருகிலேயே மேடான நிலத்தில் வீட்டையும் சேர்த்து ஒதுக்கினால்தான் முழுமையான வெள்ளத் தடுப்புத் திட்டமாகும்.