காந்தவூசியும் சிலிக்கன் தகடும்

யாழ்ப்பாணத் தீவுகளுள் ஒன்றான வேலணையின் கரையிலே அமைந்தது சாட்டி. உவர் சூழ்ந்த தீவகத்துக்கு நன்னீர் ஈயும் கிணறுகளால் பெயர்பெற்ற ஊர் அது. கடலோடிகள் வேண்டிச் செல்லும் சிந்தாத்திரை மாதாவின் திருத்தலமும் அங்கேதான் உண்டு.

அக்கரையிலிருந்து வள்ளம் விட்ட முன்னோர், விண்மீனையும் காற்றையும் பார்த்துத் திசை தேர்ந்தனர். முகில் மூடியபோது காந்தவூசியை நாடினர். இன்றைய இளைஞனோ கைத்தொலைபேசியை எடுத்துப் பார்க்கிறான். அதில் அம்புக்குறி ஒன்று வடக்கைக் காட்டுகிறது. உள்ளே ஊசி எதுவும் இல்லையே! பின் எதனால் காட்டுகிறது?

1879ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரில் எட்வின் ஹோல் என்னும் மாணவர் மெல்லிய பொற்றகட்டில் மின்னோட்டத்தைச் செலுத்தி, அதனைக் காந்தப் புலத்தில் வைத்தார். ஓடும் மின்னைக் காந்தம் ஒரு பக்கமாகத் தள்ளியது. தகட்டின் இரு ஓரங்களுக்கிடையே சிறியதோர் அழுத்த வேறுபாடு தோன்றியது. இதுவே ஹோல் விளைவு.

பொன்னிலே இவ்விளைவு மிக நுண்ணியது. ஏன்? ஒரே சுமையை ஆயிரம் பேர் பகிர்ந்து சுமந்தால் மெல்ல நடக்கலாம். பத்துப் பேரே சுமந்தால் ஓடவேண்டும். உலோகத்தில் இலத்திரன்கள் மிகப் பல. ஆகவே மெல்ல நகர்கின்றன. குறைகடத்தியில் அவை சில. ஆகவே விரைந்து ஓடுகின்றன. விரைந்து ஓடுவனவற்றையே காந்தம் வலிந்து தள்ளுகிறது. 1950களில் ஜேர்மனியில் ஹைன்றிச் வெல்க்கர் இந்தியம் அன்ரிமனைட்டு முதலிய சேர்மங்களை ஆராய்ந்தபின், இவ்விளைவு பயன்தரும் கருவியாயிற்று. பல கைத்தொலைபேசிகளில் இன்று சிலிக்கன் தகடுகளே இப்பணியைச் செய்கின்றன.

தீவகக் கடலில் புவியின் காந்தப் புலம் ஏறத்தாழ 40 மைக்குரோதெசிலா. அதனால் சிலிக்கன் தகட்டில் எழுவது, வோல்ற்றின் பத்து இலட்சத்தில் ஒருசில பங்கே. தகட்டின் சிறு குறையால் எழும் பொய் அழுத்தம் அதனினும் பெரிதாகலாம். ஆகவே மின்னோட்டத்தின் திசையை மாற்றி மாற்றிச் செலுத்தி, பொய்யை நீக்கி மெய்யைப் பிரிக்கின்றனர். காந்த மத்தியகோடு அணித்தே செல்வதால், இங்கே புவிக்காந்தம் ஏறக்குறையக் கிடையாகவே கிடக்கிறது. திசை அறிவதற்கு இது வாய்ப்பானது.

எனினும், வெளியிலிருந்து வரும் பொய்யைக் கருவி தானாக அறியாது. வள்ளத்து இயந்திரத்தின் இரும்பு, ஒலிபெருக்கியின் காந்தம், தொலைபேசி உறையிற் பதித்த காந்தப் பூட்டு ஆகிய எதுவும் அம்பைத் திருப்பிவிடும். பத்துப் பாகை பிழைத்தால், பத்துக் கடல்மைல் ஓடியபின் வள்ளம் ஒன்றே முக்கால் மைல் விலகியிருக்கும். 1974இல் எல்லை வகுக்கப்பட்ட பாக்கு நீரிணையில் அவ்விலகல் சிறிதன்று.

ஓடும் வள்ளத்தின் போக்கைச் செய்மதி சொல்லும். இயந்திரம் நின்று, வள்ளம் அலையில் ஆடும்போது அணியம் எத்திசை நோக்குகிறது என்பதைக் காந்தமே சொல்லவேண்டும். ஆதலால், கடலோடி புறப்படுமுன் கரையில் நின்று, உறையைக் கழற்றி, தொலைபேசியை எட்டு வடிவில் சிலமுறை சுழற்றுதல் நன்று. தன்னோடு கூடவே சுழலும் காந்தத்தைக் கருவி அதனாற் கண்டு கழித்துவிடும். பின்னர், தான் நன்கறிந்த ஒரு கோபுரத்தையோ வெளிச்சவீட்டையோ நோக்கி அம்பைச் சரிபார்த்தல் வேண்டும்.

கருவி புதிதாயினும், கரையைப் பார்த்துத் திசையைச் சோதிக்கும் வழக்கம் பழையதே. அதனைக் கைவிடாதவனே கரை சேர்வான்.