சூடு காட்டும் முள்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



இன்று ஒரு பழைய வேனைப் பற்றிப் பேசப்போகிறோம். மறையுரையில் வேனுக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். விதை விதைப்பவரையும், புளிப்பு மாவையும், காணாமற்போன காசையும் காட்டி இறையாட்சியைப் பற்றிப் பேசியவர் நம் ஆண்டவர். இன்று அவர் நம் சாலை வழியாக நடந்து வந்தால், ஓரமாக நின்றுபோன ஒரு வண்டியையும், அதைச் சுற்றிக் கவலையோடு நிற்கும் ஒரு குடும்பத்தையும் பார்க்காமல் போகமாட்டார்.

எங்கள் அண்ணன் வீட்டில் ஒரு வேன் உண்டு. அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் வாங்கியது. முன் இருக்கைக்கு அடியிலேயே என்ஜின் இருக்கும் சின்ன வேன். தங்கையின் திருமணத்துக்குச் சீர்வரிசை ஏற்றிப் போனது அந்த வண்டிதான். பிள்ளைகளின் புதுநன்மைக்கு உறவினரைக் கூட்டி வந்ததும் அதுதான். அப்பாவைக் கடைசியாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அதுதான். சொந்த வண்டிக்குப் பதிவு 15 ஆண்டுகள். அது முடிந்து, அடுத்த 5 ஆண்டுகளுக்குப் புதுப்பித்தும் ஆயிற்று. விற்றுவிடலாம் என்று அண்ணன் பல தடவை சொல்லிப் பார்த்தார். அப்பா வாங்கிய வண்டி என்று அம்மா சம்மதிக்கவில்லை.

வயதான வண்டிக்குப் பல நோய். ஆனால் அந்த வண்டிக்குத் திரும்பத் திரும்ப வந்த நோய் ஒன்றுதான். என்ஜின் சூடாகிவிடும்.

முதல் தடவை சூடானபோது தண்ணீர் ஊற்றினோம், சரியாயிற்று. இரண்டாம் தடவை ஒரு பட்டறையில் காட்டினோம். உள்ளே தெர்மோஸ்டாட் என்று ஒரு சிறு பாகம் உண்டு. என்ஜின் குளிர்ந்திருக்கும்போது அது தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் மூடி வைத்திருக்கும், போதிய சூடு வந்ததும் திறந்துவிடும். அந்த மெக்கானிக், "இதுதான் தடுக்குது" என்று சொல்லி அதையே எடுத்து எறிந்துவிட்டார். சூடு கொஞ்சம் குறைந்தது. ஆனால் காலையில் என்ஜின் பதத்துக்கு வர நேரமாயிற்று, பெட்ரோலும் கூடுதலாகக் குடித்தது.

மூன்றாம் தடவை, ஃபேன் தானாகச் சுற்றவில்லை என்று தெரிந்தது. இன்னொரு மெக்கானிக் அதற்குத் தனியாக ஒயர் இழுத்து, டாஷ்போர்டில் ஒரு சுவிட்ச் வைத்துக் கொடுத்தார். "சூடாகும்போது நீங்களே போட்டுக்குங்க சார்" என்றார். நாங்களும் தலையாட்டினோம்.

அதன் பிறகும் சூடு காட்டும் முள் மேலேதான் ஏறிக்கொண்டிருந்தது. வண்டி ஓட்டும்போதெல்லாம் அண்ணனுக்கு அந்த முள்ளின் மேலேயே கண். நிம்மதி இல்லை. நான்காவது மெக்கானிக் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். "சென்சார் தப்பாக் காட்டுது" என்று சொல்லி, அதற்குப் போகிற ஒயரைக் கழற்றிவிட்டார். முள் கீழே விழுந்து அங்கேயே படுத்துக்கொண்டது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி.

அன்பார்ந்தவர்களே, இந்த நான்கு வைத்தியங்களையும் சற்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் வண்டி ஓடியது. ஒவ்வொரு தடவையும் பணம் கொடுத்தோம். ஆனால் "மறுபடியும் ஏன் சூடாகிறது?" என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை. கடைசியில் நோயைச் சொல்லிக்கொண்டிருந்த ஒரே ஒரு சாட்சியின் வாயையும் கட்டிவிட்டோம்.

ஒரே ஒரு சாட்சி என்று சொன்னோம். அதுவும் தவறு. இன்னொரு சாட்சி இருந்தார். அவர் எங்கள் அண்ணி.

பின்னால் உட்கார்ந்தால் அவருக்கு வாந்தி வரும். அதனால் எப்போதும் முன் இருக்கைதான், அதாவது என்ஜினுக்கு நேர் மேலே. "சீட்டு ரொம்பச் சுடுதுங்க" என்று சொல்வார். "வெயில் காலம், சுடாம என்ன செய்யும்?" என்பார் அண்ணன். தினமும் காலையில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவதும் அண்ணிதான். "முன்னால ஒரு சொம்புதான் பிடிக்கும், இப்ப ரெண்டு சொம்பு பிடிக்குதுங்க" என்றும் சொன்னார். "வண்டியைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்டோம். ஆம், அண்ணன் மட்டுமல்ல, நாங்கள் எல்லோரும்தான் கேட்டோம்.

செப்டம்பர் முதல் வாரம் வேளாங்கண்ணிக்குப் புறப்பட்டோம். திருச்சியிலிருந்து தஞ்சாவூர் வரை ஒரு தொல்லையும் இல்லை. காவி உடுத்திய பாதயாத்திரைக்காரர்கள் சாலை ஓரமாகச் செபமாலை சொல்லிக்கொண்டு நடந்து போனார்கள். நாங்களும் வண்டிக்குள் செபமாலை சொல்லிக்கொண்டு போனோம். நீடாமங்கலம் வந்தது. அந்த வழியாகப் போனவர்களுக்கு அங்குள்ள ரயில்வே கேட்டைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. கேட் மூடியிருந்தது. முன்னாலும் பின்னாலும் பஸ்களும் லாரிகளும் நின்றன.

வண்டி ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரை ஆற்றும். நின்றுவிட்டால் ஃபேன் ஒன்றுதான் துணை. அந்தச் சுவிட்சைப் போட அண்ணன் மறந்துவிட்டார். முள் காட்டிக்கொடுத்திருக்கும், ஆனால் அதைத்தான் நாங்கள் படுக்க வைத்துவிட்டோமே! "ஏங்க, சுடுது, தாங்க முடியல" என்று அண்ணி எழுந்தேவிட்டார். அதே நேரம் அடியிலிருந்து குபுகுபுவென்று ஆவி கிளம்பியது. குழந்தைகள் அலறின. அம்மா செபமாலையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

எல்லோரையும் இறக்கிவிட்டு, அண்ணன் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனார். சின்னவன் பக்கத்திலேயே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது ஒரு சத்தம்: "தம்பி, தொறக்காதீங்க! கையை எடுங்க!" எதிரே சிறிய பட்டறை வைத்திருந்த ஒரு பெரியவர் ஓடி வந்தார். மூடியிருக்கும் ரேடியேட்டருக்குள் அழுத்தம் சேர்ந்திருப்பதால், 100 டிகிரியைத் தாண்டியும் தண்ணீர் கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்த நொடியிலேயே பொங்கிச் சீறி முகத்தில் அடிக்கும். அன்று அந்த மூடி திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

வண்டியைத் தள்ளி ஓரங்கட்டினோம். ஆறட்டும் என்று அந்தப் பெரியவர் எங்களைக் காத்திருக்கச் சொன்னார். சூடான என்ஜினில் பச்சைத் தண்ணீரை உடனே ஊற்றினால் விரிசல் விடலாம் என்றார். அந்த நேரத்தில்தான் அண்ணன் அண்ணியைப் பார்த்துக் கோபமாக, "இவ்வளவு சுடுதுன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டார்.

அண்ணி சத்தம் போடவில்லை. "நாலு மாசமா சொல்லிக்கிட்டுத்தாங்க இருக்கேன்" என்றார்.

அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. ரயில் ஒன்று போன சத்தம் மட்டும் கேட்டது.

பெரியவர் எங்களிடம் வந்து, "எப்ப இருந்து இப்படி? என்ன தண்ணி ஊத்துறீங்க? எவ்வளவு பிடிக்குது?" என்று கேட்டார். எங்களில் யாருக்கும் பதில் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் அண்ணி பதில் சொன்னார். எந்த மாதத்தில் தொடங்கியது, போர் தண்ணீர்தான் ஊற்றுகிறோம், ஒரு சொம்பு இரண்டு சொம்பு ஆன கணக்கு, எல்லாம் சொன்னார். பெரியவர் ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார். ஆயில் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளே கலந்துவிட்டது என்று அர்த்தம், ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். நல்ல வேளையாக அப்படி ஆகவில்லை. மூடியின் ரப்பர் இற்றுப்போயிருந்தது. தினமும் தண்ணீர் குறைந்ததற்கு அதுதான் காரணம். வண்டி ஆறிய பிறகு தண்ணீர் ஊற்றி, ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டரில் அங்கங்கே கை வைத்துப் பார்த்தார். மேலே சுட்டது, கீழே சில இடங்களில் சில்லென்று இருந்தது. "பல வருசமா உப்புத் தண்ணி ஊத்தி, உள்ள அடைச்சுக்கிச்சு. சுடுதண்ணி சுத்தி வர வழியே இல்ல. நீங்க செஞ்ச வைத்தியம் எல்லாம் வெளியில" என்றார்.

புது மூடி போட்டுக் கொடுத்தார். நாங்கள் பணத்தை எடுத்தபோது, அவர் முதலில் ஒன்றைச் சொன்னார்: "அந்த முள்ளுக்குப் போற ஒயரை மாட்டிட்டேன். ஊருக்குப் போய் ரேடியேட்டரை மாத்துங்க. ஆனா இந்த ஒயரை மட்டும் இனிமே எவன் சொன்னாலும் கழட்டாதீங்க."

அன்பார்ந்தவர்களே, மாற்கு நற்செய்தி 6ஆம் அதிகாரத்தில் ஏரோது அரசனைப் பார்க்கிறோம். திருமுழுக்கு யோவான் சொல்வது உண்மை என்று அவனுக்குத் தெரியும். அவர் பேசுவதைக் கேட்கவும் அவனுக்கு விருப்பம்தான். ஆனாலும் அவரைச் சிறையில் போட்டான், கடைசியில் தலையையும் வெட்டச் செய்தான். யோவானின் குரல் அடங்கியது. ஏரோதின் பாவம் அப்படியே இருந்தது. முள் கீழே விழுந்தது, சூடு குறையவில்லை.

நம் வீடுகளிலும் இப்படிக் கழற்றி விடப்பட்ட ஒயர்கள் எத்தனை! சர்க்கரை அளவு கூடிவிட்டது என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து பரிசோதனைக்கே போகாமல் இருக்கிறோம். கடன் எவ்வளவு என்று கணக்குப் பார்க்காமல் இருக்கிறோம். "அப்பா, தினமும் குடிக்கிறீங்களே" என்று கேட்ட மகளை, "சின்னப் பிள்ளை பெரிய பேச்சுப் பேசாதே" என்று அடக்கிவிடுகிறோம். அவள் அதற்குப் பிறகு கேட்பதில்லை. வீடு அமைதியாக இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பங்குகளிலும் குறை சொல்பவரைக் கூட்டத்துக்கு அழைக்காமல் விட்டுவிடுவதுண்டு. குருக்களாகிய நாங்களும் இதற்கு விலக்கல்ல.

ஒப்புரவு அருளடையாளத்திலும் இதே கதைதான். கோபப்பட்டேன், பொய் சொன்னேன், செபிக்கவில்லை என்று அதே பட்டியலோடு போகிறோம், அதே பட்டியலோடு மறுபடியும் வருகிறோம். ஆண்டவர் மன்னிப்பதில் களைப்படைவதில்லை. ஆனால் "மறுபடியும் ஏன்?" என்று நாம் நம்மையே கேட்பதில்லை. சொம்புத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு புறப்பட்டுவிடுகிறோம். புனித லொயோலா இஞ்ஞாசியார் இதை நன்றாக அறிந்திருந்தார். ஒரே ஒரு குறையை எடுத்துக்கொண்டு, அதில் எத்தனை தடவை விழுந்தோம் என்று நாள்தோறும் குறித்து வைத்து, நேற்றையும் இன்றையும், போன வாரத்தையும் இந்த வாரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். அது ஆன்மாவுக்கு ஒரு நோட்டுப் புத்தகம். எந்த நேரத்தில், யாரோடு பேசிய பிறகு, என்ன களைப்பில் அந்தக் கோபம் வருகிறது என்பது அந்த நோட்டில்தான் தெரியவரும்.

லூக்கா நற்செய்தி 13ஆம் அதிகாரத்தில் ஓர் அத்திமரம் வருகிறது. மூன்று ஆண்டுகளாகக் கனி இல்லை, வெட்டிவிடு என்கிறார் உரிமையாளர். தோட்டக்காரரோ இன்னும் ஓர் ஆண்டு பொறுக்கச் சொல்கிறார். சும்மா பொறுக்கச் சொல்லவில்லை. சுற்றிலும் கொத்தி எரு போடுவதாகச் சொல்கிறார். வெட்டி எறிவதும் எளிது, கண்டுகொள்ளாமல் விடுவதும் எளிது. வேர் வரை கொத்துவதுதான் அன்பு.

ஊர் திரும்பியதும் ரேடியேட்டரை மாற்றினோம். தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போட்டோம். ஃபேன் தானாகச் சுற்றும்படி செய்தோம். போர் தண்ணீரை விட்டுவிட்டு கூலன்ட் ஊற்றினோம். எல்லாம் சேர்ந்தும், அதுவரை ஒட்டுப்போட்டதற்குக் கொடுத்த பணத்தைவிடக் குறைவாகத்தான் செலவாயிற்று. வண்டி புதிதாகிவிடவில்லை. பக்கத்துக் கதவு இப்போதும் இழுத்தால்தான் வருகிறது. அடுத்த பதிவு வரை தாங்குமோ என்னவோ, அதற்குள் அம்மாவே விற்கச் சொன்னாலும் சொல்வார். ஆனால் இப்போது வண்டிக்குள் ஒரு நோட்டு இருக்கிறது. தேதி, ஓடிய கிலோமீட்டர், செய்த வேலை எல்லாம் அண்ணியின் கையெழுத்தில். புறப்படுவதற்கு முன் அண்ணன் அந்த நோட்டைப் பார்க்கிறார். அதைவிட முக்கியம், அண்ணியைப் பார்த்து, "சீட்டு எப்படி இருக்கு?" என்று கேட்கிறார்.

அன்பார்ந்தவர்களே, ஒவ்வொரு வீட்டிலும் என்ஜினுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் ஒருவர் இருக்கிறார். சூடு முதலில் அவருக்குத்தான் தெரியும். மனைவியாக இருக்கலாம், வயதான தாயாக இருக்கலாம், பேசாமல் ஒதுங்கிப்போகும் பிள்ளையாக இருக்கலாம். இன்று இரவு செபம் முடிந்ததும் அவர் பக்கத்தில் உட்காருங்கள். "உனக்கு எங்கே சுடுது?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, குறுக்கே பேசாமல் காத்திருங்கள்.

உண்மையைச் சொல்பவர்கள் வழியாக நம்மோடு பேசும் இறைவன், அதைக் கேட்கும் மனத்தையும் நமக்குத் தந்து, நம் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.